விளக்கின் முதுகு



விளக்கு என்றதும் நாம் எல்லோரும் அதன் முகத்தையே பார்க்கிறோம். ஒளி வருகின்ற பக்கம் அதுவன்றோ? இக்கட்டுரையில் நாம் பார்க்கப் போவது அதன் முதுகை. எல்.இ.டி. விளக்கு ஒன்று பத்து ஆண்டு எரிவதும், பத்தே மாதத்தில் மங்கிப் போவதும் பல வேளைகளில் அந்த முதுகுப்புறத்தைப் பொறுத்தே அமைகின்றன.

கடையில் பல்பாகவே வாங்கி மாட்டுபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் அறிவியல் கண்காட்சிக்கென எல்.இ.டி.யைத் தனியாகவும், அலுமினியத் தட்டைத் தனியாகவும் வாங்கி, தம் கையாலேயே படிப்பு விளக்குச் செய்யும் மாணவியர் இன்று பலர் இருக்கிறார்கள். திருகாணி முடுக்குவது ஆண்பிள்ளைகளின் வேலை என்ற பழைய எண்ணம் ஒழிந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் ஒன்று: விளக்கு எரிந்தவுடன் வேலை முடிந்தது என்று எல்லோரும் கைதட்டிவிடுகிறோம். அது தேர்வு வரைக்கும், அதற்கடுத்த தேர்வு வரைக்கும் அதே வெளிச்சத்தோடு எரிய வேண்டாமா? அதற்குரிய வேலை விளக்கை மாட்டுவதற்கு முன்னமே, ஒரு துண்டுத் துணியோடு தொடங்குகிறது.

சூடு எங்கே போகிறது?

பழைய குண்டு பல்பை நினைத்துப் பாருங்கள். அதனுள் இருந்த டங்ஸ்டன் இழை ஏறக்குறைய 2500 டிகிரி செல்சியஸ் வரை பழுத்து எரிந்தது. அவ்வளவு சூடான பொருள் தன் வெப்பத்தைக் கதிர்களாகவே வெளியே வீசிவிடும். அதனால்தான் குண்டு பல்பின் அருகே அமர்ந்து படித்தால் கன்னம் சுட்டது.

எல்.இ.டி. அப்படியன்று. அது ஒரு குறைகடத்திச் சில்லு, கடுகளவே இருக்கும். 1962-இல் அமெரிக்காவில் நிக் ஹோலோன்யாக் என்பவர் சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி.யைச் செய்து காட்டினார். நீல ஒளிக்கு உலகம் மேலும் முப்பது ஆண்டுகள் காத்திருந்தது. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவருக்கும் 2014-ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு வழங்கப்பட்டது. நீலத்திற்கு ஏன் இத்தனை பெருமை? நீலச் சில்லின் மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சு ஒன்றைப் பூசினால் நமக்கு வெள்ளை ஒளி கிடைக்கிறது. நீங்கள் வாங்கும் எல்.இ.டி.யின் முகம் முட்டை மஞ்சட்கரு போலத் தெரிவது அந்தப் பூச்சினால்தான்.

இந்த விளக்கின் முன்னால் கையை நீட்டினால் சூடு தெரிவதில்லை. ஆகவே எல்.இ.டி.யில் சூடே இல்லை என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு. உட்செல்லும் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி, சில வகைகளில் அதற்கும் மேல், வெப்பமாகவே மாறுகிறது. ஆனால் 2500 டிகிரியில் இருந்த டங்ஸ்டன் போல இந்தச் சில்லு வெப்பத்தைக் கதிராக வீச முடியாது. அதற்கு முன்பே அது வெந்துவிடும். ஒரே வழிதான் உண்டு: பின்பக்கமாக, தொட்டுத் தொட்டு இறங்க வேண்டும். சில்லிலிருந்து அதன் அடித்தட்டுக்கு, அடித்தட்டிலிருந்து ஹீட் சிங்க்குக்கு, அங்கிருந்து காற்றுக்கு. ஹீட் சிங்க் என்பதை வெப்பம் வடிக்கும் தட்டு என்று தமிழில் சொல்லலாம். சென்னை ரிச்சி தெருவில் போய் அப்படிக் கேட்டால் கடைக்காரர் விழிப்பார், ஆதலால் நானும் ஹீட் சிங்க் என்றே எழுதுகிறேன். முதுகில் வரிசையாக இறகு போன்ற தகடுகள் நிற்கும் அலுமினியக் கட்டி அது. காற்றுப் படும் பரப்பை அதிகமாக்கவே அந்த இறகுகள்.

வெப்பம் வடியாவிட்டால் என்ன ஆகும்? உடனே ஒன்றும் ஆகாது, அதுதான் ஏமாற்றுகிறது. சில்லு சூடாகச் சூடாக ஒளி குறையும். மஞ்சள் பூச்சு கெடும், வெள்ளை நிறம் மாறும். வீட்டு எல்.இ.டி. பல்பு அட்டைகளில் 25,000 மணி நேரம் என்று போட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். நாளுக்கு 5 மணி எரித்தால் 13 ஆண்டுக்கு மேல் வரவேண்டிய கணக்கு அது. சூட்டில் வெந்த சில்லு அந்தக் கணக்கைக் காப்பாற்றாது. (நியாயமாகச் சொன்னால், பல பல்புகள் சீக்கிரம் போவதற்குச் சில்லு காரணமன்று, அதற்கு மின்சாரம் தரும் டிரைவர் என்னும் சிறு சுற்று கெடுவதே காரணம். அதுவும் சூட்டில்தான் கெடுகிறது.)

இரண்டு சமதளங்களுக்கு நடுவே

எல்.இ.டி.யின் அடித்தட்டும் சமம், ஹீட் சிங்க்கின் முகமும் சமம். ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் திருகாணி முடுக்கினால் போதாதா? போதாது. நம் கண்ணுக்குத்தான் அவை சமம். உருப்பெருக்கியில் பார்த்தால் இரண்டும் மேடும் பள்ளமுமான மலைநாடுகள். மேடுகள் சில மட்டும் ஒன்றையொன்று தொடும். மற்ற இடமெல்லாம் பள்ளம். பள்ளத்தில் இருப்பது காற்று.

காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. குளிர்காலத்தில் கம்பளி நம்மைக் காப்பது, அதன் மயிரிழைகளுக்கு நடுவே அடைபட்டிருக்கும் காற்றால்தான். அலுமினியம் காற்றைவிடப் பல ஆயிரம் மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அடி வளைந்த பாத்திரத்தை மின்சாரச் சூட்டுத் தட்டின் மேல் வைத்தால் தண்ணீர் கொதிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை உங்கள் அம்மாவைக் கேளுங்கள். அங்கும் குறுக்கே நிற்பது அதே காற்றுதான்.

பத்தாம் வகுப்பு மாணவியர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 20 மி.மீ. சதுர அடித்தட்டுள்ள ஓர் எல்.இ.டி. 10 வாட் வெப்பத்தை இறக்க வேண்டும் என்போம். அடியில் 0.05 மி.மீ. இடைவெளி, ஒரு மெல்லிய தலைமுடியின் பருமன்தான். அந்த இடைவெளி முழுவதும் காற்றாக இருந்தால், காற்றின் கடத்துதிறன் 0.026 என்று கொண்டு கணக்கிட, அந்த முடியளவு இடத்தைத் தாண்டுவதற்கு மட்டும் 48 டிகிரி வெப்பநிலை வேறுபாடு வேண்டியிருக்கும். அதே இடைவெளியைக் கடத்துதிறன் 2 உள்ள தெர்மல் பேஸ்ட் நிரப்பியிருந்தால் வேறுபாடு 0.6 டிகிரிதான். உண்மையில் சில மேடுகள் தொட்டுக்கொண்டிருப்பதால் 48 முழுவதும் வராது. ஆயினும் எந்தப் பக்கம் ஆபத்து என்பது விளங்குகிறதல்லவா?

இப்போது அந்த இரண்டு தளங்களுக்கு நடுவே ஒரு மணல் துகள் மாட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது துளையிட்டபோது எழும்பிய உலோகப் பிசிறு ஒன்று நிற்கிறது. தட்டின் ஒரு மூலை தூக்கிக்கொள்ளும். மேசைக் கால் ஒன்றின் அடியில் கூழாங்கல் வைத்தது போல! எவ்வளவு நல்ல பேஸ்ட்டும் அந்தத் தூக்கலைச் சரி செய்யாது. ஒட்டும் பட்டையாலோ பசையாலோ ஒட்டுபவர்களுக்கு இன்னொரு கேடு: எண்ணெய்ப் பிசுக்கின் மேல் பசை பிடிக்காது. கொஞ்ச நாளில் விளக்கு கழன்று, கம்பியில் தொங்கும். படித்துக்கொண்டிருக்கும் தங்கையின் நோட்டின் மேல் சூடான விளக்கு விழுவதை யார் விரும்புவார்?

துடைக்கும் முறை

மின் இணைப்பு எதுவும் இல்லாமல், ஹீட் சிங்க்கைத் தனியே மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பார்வை, பிறகு துணி. ஓர் இரும்பு அளவுகோலின் ஓரத்தை ஹீட் சிங்க்கின் முகத்தில் நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அடியில் வெளிச்சக் கீற்று எங்கும் ஒரே மாதிரி மெல்லியதாக இருந்தால் நன்று. நடுவில் மட்டுமோ ஓரத்தில் மட்டுமோ அகலமாகத் தெரிந்தால் தட்டு வளைந்திருக்கிறது. கண்ணாடிப் பலகையின் மேல் 400 எண் உப்புத்தாளை விரித்துத் தண்ணீர் தெளித்து, ஹீட் சிங்க்கின் முகத்தை அதன்மேல் எட்டு என்ற எண்ணைப் போடுவது போலத் தேய்த்தால் மேடு அடங்கும். பிறகு 600 எண் தாள். முகம் தெரியும்படி பளபளக்க வேண்டியதில்லை; நமக்கு வேண்டியது சமம், மினுக்கு அன்று. கறுப்பாகவோ வெள்ளி நிறமாகவோ அனோடைஸ் செய்த தட்டு சமமாகவே இருந்தால் அந்தப் பூச்சைத் தேய்த்து எடுக்காதீர்கள். மிக மெல்லிய பூச்சு அது. வெப்பத்தை அவ்வளவாகத் தடுக்காது.

திருகாணித் துளைகளின் விளிம்பை விரல் நுனியால் தடவாதீர்கள், கீறிவிடும். நகத்தால் மெல்ல நெருடிப் பாருங்கள். தட்டுப்பட்டால் பிசிறு இருக்கிறது. துளையைவிடப் பெரிய டிரில் முனை ஒன்றைக் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றினால் பிசிறு போய்விடும். இதற்கு மெஷின் வேண்டாம்.

இனி தூசு. இறகுகளுக்கு நடுவிலிருந்தும் துளைகளுக்குள்ளிருந்தும் உலோகத் தூளைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தட்டி எடுங்கள். முகத்தை மட்டும் துடைத்துவிட்டுத் துளையை விட்டால், திருகாணி இறங்கும்போது தூள் மேலே வந்து நடுவில் அமரும்.

அடுத்தது கொழுப்பு. அலுமினியத்தை அறுக்கும்போதும் துளையிடும்போதும் எண்ணெயோ மண்ணெண்ணெயோ ஊற்றுவது பட்டறை வழக்கம். அது மெல்லிய படலமாக எங்கும் இருக்கும். பாத்திரம் கழுவும் திரவச் சோப்பு ஒரு சொட்டு, வெதுவெதுப்பான நீர், பிரஷ். நன்றாகக் கழுவி, இரண்டு முறை நல்ல நீரில் அலசி, முழுக்க உலரவிடுங்கள். வெயிலில் அரை மணி வைக்கலாம்.

பழைய விளக்கைக் கழற்றிவிட்டுப் புதியது மாட்டுபவர்களுக்குப் பழைய பேஸ்ட்டும் பசையும் தொல்லை தரும். கத்தியால் சுரண்டினால் கோடு விழும். பழைய பிளாஸ்டிக் அட்டையின் ஓரத்தால் சுரண்டி, மீதியை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுப்பதே நல்லது.

கடைசித் துடைப்புக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். ஐ.பி.ஏ. என்று கேட்டாலும் தருவார்கள். 70 சதவீதத்தில் மீதி தண்ணீர், உலரத் தாமதமாகும். 99 சதவீதம் கிடைத்தால் அதுவே சிறந்தது. எளிதில் தீப்பற்றும் பொருள் இது. சன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு, மெழுகுவர்த்தி, ஊதுபத்தி எதுவும் அருகில் இல்லாமல் வேலை செய்ய வேண்டும். எட்டாம் வகுப்புக்குக் கீழுள்ளவர்கள் பெரியவர் யாராவது உடனிருக்கும்போதே இதைத் தொடலாம்.

துடைப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. மாணவியர் பெரும்பாலும் கவனிக்காத இடம் இது. ஆல்கஹால் அழுக்கை மாயமாக்குவதில்லை, கரைக்கிறது. கரைந்த அழுக்கோடு அதை அப்படியே காயவிட்டால் ஆல்கஹால் மட்டும் பறந்துபோகும். எண்ணெய் மறுபடியும் தட்டிலேயே படியும், முன்னைவிடப் பரவலாக! ஆகவே இரண்டு துணி வேண்டும். முதல் துணியில் நாலைந்து சொட்டு விட்டு ஒரே திசையில் துடையுங்கள். ஈரம் காய்வதற்குள் இரண்டாவது உலர்ந்த துணியால் அதை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் புதிய மடிப்பைத் திருப்பிக்கொள்ளுங்கள். துணியில் கறுப்பு ஏறாமல் வரும்வரை திரும்பச் செய்ய வேண்டும். தரையைத் துடைக்கும் போது வாளித் தண்ணீரை மாற்றாமல் மூன்று அறை துடைத்தால் மூன்றாம் அறை எப்படி இருக்கும் என்பது விடுதி மாணவியருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எந்தத் துணி? பலமுறை துவைத்து நைந்த பருத்தி வேட்டித் துணி நன்று. வாசனைக்கும் மென்மைக்கும் ஊற்றும் திரவத்தில் அலசியதாக இருக்கக் கூடாது, அது மெழுகுப் படலம் விடும். பஞ்சும் டிஷ்யூ தாளும் வேண்டாம். இழை பிரிந்து ஒட்டும்.

சுத்தமாயிற்றா என்பதை அறிய அழகான சோதனை ஒன்று உண்டு. பூச்சில்லாத அலுமினியமானால், கடைசித் துடைப்புக்கு முன் சிறிது தூய நீரை அதன்மேல் ஊற்றுங்கள். நீர் விட்டுப்போகாத ஒரே படலமாகப் பரவினால் எண்ணெய் இல்லை. தாமரை இலைத் தண்ணீர் போல முத்து முத்தாகத் திரண்டு நின்றால் இன்னும் பிசுக்கு இருக்கிறது. மறுபடியும் சோப்புக்குப் போங்கள். தொழிற்சாலைகளிலும் பூச்சுப் பூசுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். சோதனை முடிந்ததும் ஈரத்தை நன்கு போக்கி, ஆல்கஹால் துடைப்பு.

அதன்பின் தொடக் கூடாது! நம் விரல் எவ்வளவு கழுவினாலும் எண்ணெயும் உப்பும் கொண்டது. ஓரங்களைப் பிடித்தே தூக்குங்கள். எல்.இ.டி.யின் அடிப்பக்கத்தையும் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒருமுறை துடையுங்கள். அதன் மஞ்சள் முகத்தில் மட்டும் ஆல்கஹாலும் வேண்டாம், விரலும் வேண்டாம். மென்மையான சிலிக்கோனின் அடியில் தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் ஓடுகின்றன. அழுத்தினால் அறுந்துவிடும்.

வேண்டாதவை

பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும் பழக்கத்தில் இங்கும் புளியையோ எலுமிச்சையையோ எடுத்துவராதீர்கள். புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். சலவைச் சோடாவும் அப்படியே, கறுக்கச் செய்யும். மண்ணெண்ணெய் தானே ஓர் எண்ணெய். துடைத்த பிறகும் படலம் நிற்கும். பெட்ரோல் பக்கமே போக வேண்டாம். ஆஸ்பத்திரி ஸ்பிரிட் சிலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும். ஒரு சொட்டைக் கண்ணாடியில் காயவிட்டுப் பார்த்தால் படலம் விடுகிறதா என்று தெரிந்துவிடும். நகப்பூச்சு அகற்றும் திரவத்திலும் இதே சந்தேகம் உண்டு. தூய அசிட்டோன் வெறும் உலோகத்துக்கு நல்லதே; ஆனால் பிளாஸ்டிக்கையும் பெயின்ட்டையும் கரைக்கும். எல்.இ.டி. இருக்கும் மேசைக்கு அதைக் கொண்டுவராதீர்கள். இரும்பு நாரால் தேய்த்தால் இரும்புத் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்துகொள்ளும்.

மாட்டுதல்

துடைத்த தட்டைப் புழுதியில் கிடக்கவிடாமல் உடனே மாட்டுங்கள். முடியாவிட்டால் வெள்ளைத் தாளால் மூடி வையுங்கள். அடித்தட்டின் நடுவில் ஒரு மிளகளவு தெர்மல் பேஸ்ட் வைத்து, எல்.இ.டி.யை வைத்து இலேசாக அங்குமிங்கும் அசைத்தால் அது பரவும். அதிகம் வைத்தால் அதிகம் குளிரும் என்று எண்ண வேண்டாம். பேஸ்ட் காற்றைவிட மேல், அலுமினியத்தைவிட மிகக் கீழ். பள்ளத்தை நிரப்பவே அது. மெத்தை போடுவதற்கு அன்று. திருகாணிகளை ஒன்றை முழுவதும் முடுக்கிவிட்டு மற்றதற்குப் போகாமல், மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்குங்கள்.

பிறகு அரை மணி நேரம் எரியவிட்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹீட் சிங்க்கைத் தொட்டுப் பாருங்கள். எரியும்போது தொட வேண்டாம். மலிவான டிரைவர்கள் சிலவற்றில் வீட்டு மின்சாரம் நேரே விளக்கு வரை வந்து நிற்கும். தட்டு வெதுவெதுப்பாகவோ சற்றுச் சூடாகவோ இருந்தால் மகிழுங்கள். ஹீட் சிங்க் சூடாகிவிட்டதே என்று பயந்து ஓடிவருகிற மாணவியர் உண்டு. சூடாவதுதானே அதன் வேலை? விளக்குப் பிரகாசமாக எரிந்தும் ஹீட் சிங்க் சில்லென்று இருந்தால்தான் பயப்பட வேண்டும்; வெப்பம் இறங்காமல் சில்லிலேயே தங்கி நிற்கிறது என்று பொருள். கழற்றிப் பாருங்கள், பேஸ்ட் ஒரு மூலையில் பரவாமல் இருப்பதோ, நடுவே ஒரு துகள் கிடப்பதோ தெரியும். மாறாக, கையை இரண்டு மூன்று வினாடிகூட வைக்க முடியவில்லை என்றால் தட்டு 60 டிகிரி அளவில் இருக்கிறது. இணைப்பு சரிதான், தட்டு சிறியது; இன்னும் பெரியது வாங்க வேண்டும்.

அளந்து பார்க்க விரும்புபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2020-இல் கொரோனாக் காலத்தில் பல வீடுகளில் வாங்கிய நெற்றி வெப்பமானி உடல் சூட்டின் எல்லைக்குள் மட்டுமே அளக்கும், இதற்கு உதவாது. தொழிற்கூட அகச்சிவப்பு வெப்பமானியும் பளபளப்பான அலுமினியத்தைக் கண்டால் குறைத்தே காட்டும். பளபளப்பான உலோகம் வெப்பக் கதிரை மிகக் குறைவாகவே வீசும். தட்டின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அது தட்டின் சூட்டை அடையச் சிறிது நேரம் விட்டு, அந்த டேப்பைக் குறிபார்த்து அளந்தால் உண்மைக்கு நெருங்கிய எண் கிடைக்கும்.

இறகுத் தகடுகளுக்கு நடுவில் ஆண்டு முழுவதும் ஒட்டடை சேரும். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் பிளக்கைப் பிடுங்கி, உலர்ந்த பிரஷால் ஒருமுறை தட்டிவிடுங்கள். நன்றாகத் துடைத்து மாட்டிய விளக்கென்றால் எல்.இ.டி.யைக் கழற்ற வேண்டிய வேலையே இராது.